கதையில் கை வைத்தது யார்?

கோபுரத்தில் அடைபட்டுக் கிடக்கும் ராபன்சலின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். நீளக் கூந்தல், அதைப் பிடித்து ஏறி வரும் இளவரசன், கடைசியில் மாட்டிக்கொள்வது. ஆனால் எப்படி மாட்டிக்கொண்டாள் என்று கேட்டால், எந்த ஆண்டுப் புத்தகம் கையில் இருக்கிறதோ அதற்கேற்பப் பதில் மாறும். 1812-இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட முதல் பதிப்பில், தன்னை வளர்த்தவளிடம் ராபன்சல் வெகுளியாகக் கேட்கிறாள்: என் துணியெல்லாம் ஏன் இப்படி இறுகிப்போகிறது, எதுவுமே உடம்புக்குப் பத்தவில்லையே? இளவரசன் வந்துபோன விஷயம் அந்த ஒரு கேள்வியில் அம்பலமாகிவிடுகிறது. இது குழந்தைகளுக்கு ஆகாது என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். பிந்தைய பதிப்புகளில் அந்தக் கேள்வி இல்லை. 'இளவரசனைவிட உன்னை மேலே இழுப்பது ஏன் இவ்வளவு பாரமாக இருக்கிறது' என்று வாய் தவறி உளறிவிடுகிறாள். கர்ப்பத்தை எடுத்தாயிற்று. கதை முடிவில் வனாந்தரத்தில் அவளோடு இருக்கும் இரட்டைக் குழந்தைகளை மட்டும் எடுக்கவில்லை. இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பிள்ளை கேட்டால், வாசித்துக் காட்டுகிறவர் பாடு.

சிறார் இலக்கியத்தைப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிறவர்கள் முதல் சில வாரங்களில் செய்வது பெரும்பாலும் இந்த வேலைதான். ஒரே கதையின் இரண்டு மூன்று வடிவங்களை அருகருகே வைத்து, எது போயிற்று, எது வந்தது, யார் செய்தது, ஏன் செய்தார் என்று பார்ப்பது. மனசுக்கு இதமாகச் சின்ன வயதுப் புத்தகங்களைத் திரும்பப் படிக்கலாம் என்று நினைத்துச் சேர்ந்தவர்கள் இங்கேயே கொஞ்சம் மிரண்டுபோவார்கள். இந்தப் புத்தகங்களை எழுதுவது பெரியவர். திருத்துவது, அச்சிடுவது, விமர்சிப்பது, பரிசு கொடுப்பது, காசு கொடுத்து வாங்குவது, வேண்டாம் என்று அலமாரியிலிருந்து எடுப்பது எல்லாமே பெரியவர்கள். குழந்தைக்கு மிஞ்சுவது படிக்கிற வேலை மட்டும். அதனால் இந்தப் படிப்பில் குழந்தையைப் பற்றித் தெரிந்துகொள்வதைவிட, குழந்தை எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு காலத்துப் பெரியவர்கள் ஆசைப்பட்டார்கள் என்பதைத்தான் அதிகம் தெரிந்துகொள்வோம்.

தேவதைக் கதைகள் பாடத்திட்டத்தின் தொடக்கத்தில் வருவதற்குக் காரணம், அவை குழந்தைகளுக்காகப் பிறந்தவை அல்ல என்பதே. இத்தாலியில் ஜம்பாத்திஸ்தா பசீலேயின் தொகுப்பு 1634-லிருந்து 1636-க்குள் நேப்பிள்ஸ் வட்டார மொழியில் வெளிவந்தது. ராபன்சலுக்கு மூத்தவள் ஒருத்தி அதில் இருக்கிறாள். அது பெரியவர்கள் கூடிச் சிரிக்கப் படித்த புத்தகம். பிரான்சில் சார்ல் பெரோ 1697-இல் எழுதிய சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையில் ஓநாய் பாட்டியைத் தின்கிறது, சிறுமியையும் தின்கிறது, கதை முடிந்துவிடுகிறது. காப்பாற்ற யாரும் வருவதில்லை. பின்னால் ஒரு நீதிப் பாட்டு மட்டும் உண்டு: சாதுவாக, இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டு பெண்களின் பின்னாலேயே வீடு வரை வரும் ஓநாய்கள்தான் எல்லாரிலும் ஆபத்தானவை. இதை யாருக்குச் சொல்கிறார் என்பது வெளிப்படை. கிரிம்களின் வடிவத்தில்தான் வேட்டைக்காரர் வந்து வயிற்றைக் கிழித்து இருவரையும் வெளியே எடுக்கிறார்.

பிரெஞ்சு கிராமப்புறத்தில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பதிவான வாய்மொழி வடிவம் ஒன்று இருக்கிறது. அதில் சிறுமிக்குச் சிவப்புத் தொப்பியே கிடையாது. படுக்கையில் இருப்பது பாட்டி இல்லை என்று தெரிந்ததும், 'அவசரமாக வெளிக்குப் போக வேண்டும்' என்கிறாள். ஓநாய் மனிதன் அவள் காலில் கயிற்றைக் கட்டி அனுப்புகிறான். வெளியே போனவள் கயிற்றை அவிழ்த்து முற்றத்து மரத்தில் கட்டிவிட்டு வீட்டைப் பார்த்து ஓடிவிடுகிறாள். மூன்றையும் சேர்த்துப் படித்தால் வகுப்பில் சத்தம் கிளம்பும். பெரோவிடம் அவள் ஏமாந்து சாகிறாள், கிரிம்களிடம் ஆண் ஒருவர் வந்து காப்பாற்றுகிறார், வாய்மொழியில் தானே தப்பிக்கிறாள். எது 'அசல்' என்று உடனே யாராவது கேட்பார்கள். நல்ல ஆசிரியர் அந்தக் கேள்வியையே மறுப்பார். வாய்மொழி வடிவம் எழுத்தில் ஏறியது பெரோவுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து. நடுவில் அச்சுப் புத்தகத்திலிருந்து வாய்க்கும், வாயிலிருந்து அச்சுக்கும் எத்தனை முறை போய்வந்ததோ!

கிரிம்களே இந்த விஷயத்தில் சுவாரசியமான ஆட்கள். குடியானவர் வாயிலிருந்து நேராக எடுத்தவை என்ற பெயர் அவர்கள் தொகுப்புக்கு உண்டு. உண்மையில் கதை சொன்னவர்களில் பலர் காசெல் நகரத்தின் படித்த குடும்பத்துப் பெண்கள். பிரெஞ்சுப் பூர்வீகம் கொண்ட வீடுகளும் அதில் இருந்தன. கிராமத்துக் கதைசொல்லி என்று அவர்கள் பெருமையாகக் காட்டிய டொரொத்தியா ஃபீமான் ஒரு தையல்காரரின் மனைவி, சத்திரம் நடத்தியவரின் மகள். முதல் பதிப்பில் படம் இல்லை. அறிஞர்களுக்கான குறிப்புகள்தான் நிறைய இருந்தன. லண்டனில் 1823-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு படங்களோடு நன்றாக விற்றதைப் பார்த்த பிறகு, 1825-இல் 50 கதைகளை மட்டும் பொறுக்கி, படம் போட்டுச் சின்னப் பதிப்பு கொண்டுவந்தார்கள். பெரிய பதிப்பு 1857 வரை ஏழு முறை வந்தது. இரண்டாம் பதிப்பிலிருந்து திருத்தும் வேலை பெரும்பாலும் தம்பி வில்ஹெல்மின் கையில்.

அந்தக் கை எங்கெல்லாம் போயிற்று என்று பார்த்தால் ஒரு போக்கு தெரியும். ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் 1812-இல் அவளைப் பெற்ற தாய். 1819-இல் மாற்றாந்தாய். ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டுவரச் சொன்னதும் பெற்றவள்தான். 1840 பதிப்பில் அவளும் மாற்றாந்தாய் ஆகிறாள். அண்ணன் தம்பி கசாப்புக்காரன் விளையாட்டு விளையாடி ஒருவன் இன்னொருவனை அறுத்துவிடும் கதை முதல் பதிப்போடு காணாமல் போயிற்று. வன்முறையைக் குறைத்தார்கள் என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். சிண்ட்ரெல்லாவின் அக்காமார் கண்களைப் புறாக்கள் கொத்தும் காட்சி 1812-இல் இல்லை, 1819-இல் சேர்ந்தது. காமத்தைக் கழித்து, கெட்டவர்களுக்கான தண்டனையைக் கூட்டியிருக்கிறார்கள். மரியா டாடார் 1987-இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. குழந்தைக்கு எது ஆகாது என்பதில் அந்தக் காலத்துக் கணக்கு வேறு.

இந்த விவரம் தெரிந்த பிறகு புரூனோ பெட்டல்ஹைமைப் படித்தால் சுவை கூடும். 1976-இல் வந்த அவருடைய உளவியல் நூல், தேவதைக் கதைகள் குழந்தையின் உள்மனப் பயங்களுக்கு மருந்து என்று வாதிட்டு உலகம் முழுக்கப் புகழ் பெற்றது. மாற்றாந்தாய்க்கு அவர் தரும் விளக்கம் அழகானது. அம்மா திட்டும்போது பிள்ளையால் அவளை வெறுக்கவும் முடியாது, வெறுக்காமல் இருக்கவும் முடியாது. அதனால் கதை அவளை இரண்டாகப் பிரித்து, கெட்ட பாதியை மாற்றாந்தாய் மேல் போட்டு நல்ல அம்மாவைக் காப்பாற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவினையைச் செய்தது மனித மனத்தின் ஆழம் அல்ல, வில்ஹெல்மின் பேனா. ஜாக் ஸைப்ஸ் போன்ற தேவதைக் கதை ஆய்வாளர்கள் பெட்டல்ஹைமை எதிர்த்ததற்கு இதுவே மையக் காரணம்: ஒரு காலத்தின் குடும்ப ஒழுக்கத்தை எடுத்து எல்லாக் காலத்துக்குமான மனநிலை என்று காட்டுகிறார். பெட்டல்ஹைமை அப்படியே தூக்கிப்போட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கதை கேட்கும் பிள்ளை பயத்தை எப்படிக் கையாள்கிறது என்பதை அவர் அளவுக்கு மதித்துக் கேட்டவர்கள் குறைவு. பதிப்பு வரலாற்றைப் பார்க்காமல் கதையின் ஆழத்தைத் தோண்டினால் என்ன ஆகும் என்பதற்கும் அவரே உதாரணம்.

அமைப்பைப் பிரித்துப் பார்க்கும் முறைகளும் பாடத்தில் வரும். ரஷ்ய அறிஞர் விளாதிமிர் பிராப் 1928-இல் 100 மாயக் கதைகளை எடுத்துக்கொண்டு, ஆட்கள் மாறினாலும் நடக்கும் செயல்கள் 31-க்குள் அடங்கும், அவை வரும் வரிசையும் மாறாது என்று காட்டினார். கதைகளை வகை எண் போட்டு அடுக்கும் அட்டவணை இன்னொன்று: 1910-இல் ஆன்ட்டி ஆர்னே தொடங்கியது, ஸ்டித் தாம்சன் விரித்தது, 2004-இல் ஹான்ஸ்யோர்க் ஊத்தர் திருத்தியது. சிண்ட்ரெல்லா 510-ஏ, சிவப்புத் தொப்பி 333. ஒன்பதாம் நூற்றாண்டுச் சீனாவில் துவான் செங்ஷி எழுதிவைத்த யே ஷியன் என்ற பெண்ணின் கதையும், மீன் எலும்பும் பொற்செருப்புமாக, அதே குடும்பத்தில் சேரும். இந்த எண்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வசதி. எண் போட்டு முடித்த பிறகுதான் படிப்பு தொடங்குகிறது என்பதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள்.

நாவலுக்குப் போகும் வழியில் குழந்தைப் பருவத்தின் வரலாற்றைத் தொட்டுச் செல்வார்கள். பிலிப் ஆரியெஸ் 1960-இல், இடைக்கால ஐரோப்பாவில் குழந்தைப் பருவம் என்ற தனிக் கருத்தே இல்லை என்று எழுதினார். பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் அதை நிறையவே மறுத்தார்கள். ஜான் லாக் 1693-இல், பிள்ளைகள் விளையாட்டாகப் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும், படம் போட்ட ஈசாப் கதைகள் நல்லவை என்றார். ரூசோ 1762-இல், ராபின்சன் குரூசோவைத் தவிர வேறு புத்தகமே சிறுவனுக்கு முதலில் வேண்டாம் என்றார். இடையே 1744-இல் லண்டனில் ஜான் நியூபெரி பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். கூடவே பையன்களுக்குப் பந்து, பெண் பிள்ளைகளுக்குக் குண்டூசி குத்திவைக்கும் மெத்தை. நல்லது செய்தால் ஒரு பக்கம் ஊசி, கெட்டது செய்தால் மறுபக்கம் ஊசி. இலக்கியம், ஒழுக்கம், இலவச இணைப்பு மூன்றும் ஒரே பொட்டலத்தில் பிறந்திருக்கின்றன!

நாவல்களில் மாணவர்கள் முதலில் கவனிக்கப் பழகுவது குரலை. கதை சொல்கிறவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார்? பார்பரா வால் 1991-இல் இதை மூன்றாகப் பிரித்தார். சிலர் குழந்தையிடம் மட்டும் பேசுவார்கள். சிலர் பக்கத்தில் நிற்கும் பெரியவரைப் பார்த்துப் பிள்ளையின் தலைக்கு மேலே கண்ணடிப்பார்கள். வெகு சிலர் இருவரோடும் ஒரே மரியாதையில் பேசுவார்கள். கேட்க எளிது, கையில் ஒரு பக்கத்தைக் கொடுத்துச் செய்யச் சொன்னால் நெளிவார்கள். வளரவே மறுக்கும் சிறுவனின் கதையான பீட்டர் பேன் இதற்குச் சரியான சோதனை. ஜே. எம். பாரி அதை 1904-இல் நாடகமாக மேடையேற்றி, 1911-இல் நாவலாக்கினார். நாவலின் குரல் ஒரு வாக்கியத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடுகிறது, அடுத்ததில் அவர்களை இதயமற்றவர்கள் என்கிறது.

அதை வைத்துத்தான் ஜாக்குலின் ரோஸ் 1984-இல் இந்தத் துறையையே கலக்கிய புத்தகத்தை எழுதினார். சிறார் புனைவு என்பது சாத்தியமே இல்லை என்பது அவர் வாதம். பெரியவர் தனக்குத் தேவைப்படும் ஒரு களங்கமற்ற குழந்தையைக் கற்பனை செய்து, அதற்காக எழுதுகிறேன் என்கிறார். புத்தகத்துக்கு வெளியே நிற்கும் நிஜப் பிள்ளை அதில் எங்கும் இல்லை. இன்று வரை இந்தத் துறையில் எழுதுகிறவர்கள் ரோஸை ஒப்புக்கொண்டாவது மறுத்தாவதுதான் மேலே நகர முடிகிறது.

படப்புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகக் கூடாது. பலர் இதைச் சுலபமான பகுதி என்று நினைப்பார்கள். பாட் ஹட்சின்ஸின் 1968-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்புகிறது. மொத்தம் 32 ஆங்கிலச் சொற்கள். அவற்றில் எங்கேயும் நரி என்ற சொல் இல்லை. படத்திலோ பக்கத்துக்குப் பக்கம் நரி பின்னாலேயே பாய்ந்து, ஒவ்வொரு முறையும் எதிலாவது இடறி விழுகிறது. எழுத்து தெரிந்த பெரியவர் கோழியைப் படிக்கிறார், எழுத்து தெரியாத பிள்ளை நரியைப் படிக்கிறது. யாருக்குக் கதை முழுசாகத் தெரியும்? மாரிஸ் சென்டாக்கின் 1963-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் சிறுவனின் கோபம் ஏற ஏறப் படம் பக்கத்தில் பெரிதாகிக்கொண்டே போகிறது. கூத்து உச்சத்துக்கு வரும் மூன்று இரட்டைப் பக்கங்களில் எழுத்தே கிடையாது. கடைசிப் பக்கத்தில் படமே கிடையாது. இதைப் பற்றி ஆயிரம் சொல்லில் கட்டுரை எழுதச் சொன்னால்தான் படம் பார்ப்பதும் ஒரு பயிற்சி என்று உறைக்கும்.

இந்தப் படிப்பு இலக்கியத் துறைக்குள் நுழைய வெகுகாலம் பிடித்தது. அதுவரை நூலகர் பயிற்சியும் ஆசிரியர் பயிற்சியும்தான் இதற்கு இடம் கொடுத்தன. அங்கே கேள்வி வேறு: எந்தப் புத்தகம் எந்த வயதுக்கு நல்லது? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் சின்னதல்ல. நியூயார்க் பொது நூலகத்தில் சிறார் பிரிவை வளர்த்த ஆன் கேரல் மூரின் ரசனை அங்கே சட்டம் மாதிரி. 1947-இல் வந்து பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஒரு தூங்கவைக்கும் படப்புத்தகத்தை அந்த நூலகம் 1972 வரை வாங்கவில்லை. அதே 1972-இல்தான் அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சிலியா பட்லர் சிறார் இலக்கியத்துக்கு ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார். ஒதுக்கிவைக்கப்பட்ட மாபெரும் இலக்கியம் என்ற பொருளில் அதற்குத் துணைத் தலைப்பும் வைத்தார். ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகம் 1963-இலேயே இதற்கு ஆய்வு நிறுவனம் வைத்துவிட்டது. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பு 1984-இல் வந்தது. ஒதுக்கலுக்கு ஒரு காரணம் எளியது. பெண்கள் கற்பித்த, பெண்கள் ஆராய்ந்த, பிள்ளைகள் படித்த எதையும் கனமான விஷயமாக எடுத்துக்கொள்ளப் பல பேராசிரியர்களுக்கு மனம் வரவில்லை.

பிறகு பணம் பேசியது. ஹாரி பாட்டர் வரிசை விற்பனைப் பட்டியலின் மேல் இடங்களை விடாமல் பிடித்துக்கொண்டதும், நியூயார்க் டைம்ஸ் 2000-ஆம் ஆண்டு சிறார் புத்தகங்களுக்கென்று தனிப் பட்டியலே போட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பே முதல் நாவலைப் பெரியவர்களுக்கான அட்டையோடு பிரிட்டனில் விற்கத் தொடங்கியிருந்தார்கள், ரயிலில் கூச்சமில்லாமல் படிக்க. உள்ளே அதே கதை. யாருடைய புத்தகம் என்பதை அட்டை தீர்மானிக்கிறது என்றால், வகைமை பற்றிய அத்தனை கோட்பாடுகளும் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும்.

யாருடைய பிள்ளை கதைக்குள் இருக்கிறது என்ற கேள்வி இப்போது பாடத்தின் பெரும் பகுதி. நான்சி லாரிக் 1965-இல், முந்தைய மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவில் வந்த 5,206 சிறார் புத்தகங்களைப் பார்த்ததில் 6.7 சதவீதத்தில்தான் கறுப்பின மனிதர் ஒருவராவது தென்பட்டார் என்று எழுதினார். 1990-இல் ரூடின் சிம்ஸ் பிஷப், புத்தகம் சில பிள்ளைகளுக்குக் கண்ணாடியாகவும் சிலருக்கு ஜன்னலாகவும் இருக்கிறது, ஒரே வகை மட்டும் கிடைத்தால் இரு தரப்புக்கும் நஷ்டம் என்றார். இதன் இன்னொரு முனை பழைய புத்தகங்களைத் திருத்துவது. ரோல்ட் டால் 1964-இல் எழுதிய சாக்லேட் தொழிற்சாலைக் கதையில் வேலையாட்கள் ஆப்பிரிக்கக் குள்ளர்களாக இருந்தார்கள். எதிர்ப்பு வந்ததும் 1973 பதிப்பில் அவரே மாற்றினார். 2023-இல் அவர் புத்தகங்களில் குண்டு, அசிங்கம் போன்ற சொற்களைப் பதிப்பகம் மாற்றியபோது பெரும் சண்டை வந்து, பழைய பாடத்தையும் தனியே விற்போம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. காலங்காலமாக மாறாமல் வந்த நூலில் கை வைக்கிறார்கள் என்ற வாதம் வில்ஹெல்மைப் படித்தவர்களிடம் எடுபடாது. அதற்காக எல்லாத் திருத்தமும் சரி என்றும் ஆகிவிடாது. ஆசிரியர் உயிரோடு இருந்து தானே மாற்றுவதும், உரிமை வைத்திருப்பவர் விற்பனை கருதி மாற்றுவதும் ஒன்றல்ல என்பது என் கட்சி.

சரி, இத்தனைக்கும் நடுவில் பிள்ளை எங்கே? இந்தப் படிப்பின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. பாடத்திட்டம் முழுக்கப் படித்துவிட்டு, ஒரு நிஜக் குழந்தை ஒரு பக்கத்தை எப்படிப் படிக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிவிட முடியும். ரோஸுக்குப் பதில் சொல்லத் துணிந்தவர்களில் மாரா கூபர் முக்கியமானவர். குழந்தையும் பெரியவரும் இரு வேறு இனம் அல்ல, இடையே உறவும் தொடர்ச்சியும் உண்டு. பிள்ளைகளுக்கும் செயல்படும் சக்தி கொஞ்சமாவது உண்டு என்று அவர் 2013-இல் வாதிட்டார். பினோக்கியோவை எடுத்துக்கொள்ளலாம். இத்தாலியில் ஒரு சிறுவர் இதழில் 1881 ஜூலையில் தொடராக ஆரம்பித்த கதையை, அதை எழுதிய கொலோடி அதே அக்டோபரில் முடித்துவிட்டார். மரப்பொம்மையை மரத்தில் தூக்கில் தொங்கவிட்டு, பதினைந்தாம் அத்தியாயத்தோடு சரி. வாசகர்களும் இதழாசிரியரும் விடவில்லை. 1882 பிப்ரவரியில் நீலமுடித் தேவதை ஆளனுப்பிப் பொம்மையை மரத்திலிருந்து கீழே கொண்டுவரச் செய்து, கதையை நீட்ட வேண்டியதாயிற்று. இன்று உலகம் அறிந்த பினோக்கியோவின் பெரும்பகுதி, பொம்மை மனிதப் பையனாக ஆவது உட்பட, அந்த வற்புறுத்தலுக்குப் பிறகு எழுதியது. சிறார் வாசகர்களின் குரல் இதழாசிரியர் மேசையைத் தாண்டித்தான் கொலோடிக்குப் போனது என்பதையும் மறக்க வேண்டாம்.

குழந்தையே எழுதினால்? டெய்சி ஆஷ்ஃபோர்ட் என்ற சிறுமி 1890-இல், ஒன்பது வயதில், ஒரு சமூக நாவல் எழுதினாள். காதல், கல்யாணம், பிரபுக்கள் வீட்டுக்கு விருந்து போவது என்று பெரியவர் உலகம் முழுதும் அதில் வந்துவிடுகிறது. கையெழுத்துப் பிரதி பல வருடம் கிடப்பில் கிடந்து, 1919-இல் எழுத்துப் பிழைகளைத் திருத்தாமல் அச்சானது. முன்னுரை எழுதியவர் பீட்டர் பேனை எழுதிய அதே பாரி. ஒரு பிள்ளையால் இப்படி எழுத முடியாது, பாரியே எழுதி வேறு பெயரில் விட்டிருக்கிறார் என்று அப்போது பலர் நம்பினார்கள். போட்டி போட்டு வாங்கிப் படித்தவர்கள் பெரியவர்கள்.